மேலே மூடின காயம்

 

இந்த மாதச் செய்திக்காக மூன்று நாள் உபவாசமிருந்தேன். கர்த்தர் என்ன எழுதச் சொல்லுகிறார் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. மீதி இரண்டு நாளும், "ஆண்டவரே, இதைமட்டும் எழுதாமல் விட்டுவிடலாமே" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை.

2022ஆம் வருஷம் செப்டம்பர் மாத மடலில் என்னுடைய சாட்சி ஒன்று வந்ததை உங்களில் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள். "பதினெட்டே நாளில் பூரண சுகம்" என்று தலைப்புப் போட்டிருந்தோம். அந்தச் சாட்சி உண்மையல்ல. பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து நான் அதை எழுதவில்லை, விசுவாசத்தில்தான் எழுதினேன். ஆனாலும் உண்மையல்ல. அதைத் திருத்தி எழுதவேண்டிய இடமும் இதே மடல்தான்.

நடந்ததைச் சொல்லுகிறேன். 2021 டிசம்பரில், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இரண்டு வாரம் முன்னே, ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. உட்காரமுடியாத வலி. நாலாம் நாள் தானாய் உடைந்து சீழ் வெளியேறியது. வலி போய்விட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று இருந்துவிட்டேன். ஆனால் உடைந்த இடத்தில் ஒரு சின்ன வாய் மூடாமலே நின்றது. மாதத்திற்கு இரண்டு தடவை அடைத்துக்கொள்ளும், வீங்கும், திரும்ப உடைந்து ஒழுகும். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரிலெல்லாம் "மூலம், பவுத்திரம்" என்று நோட்டீஸ் ஒட்டியிருக்குமே, அதில் இரண்டாவது சொல் எனக்குத்தான் எழுதியிருக்கிறது என்று அப்போது தெரியாது.

ஏழு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. வயிற்றுவலி என்றால் ஜெபக்குறிப்பில் எழுதலாம். நெஞ்சுவலி என்றால் சபையார் கண்ணீரோடே ஜெபிப்பார்கள். இதை எப்படி எழுதுகிறது? நம்முடைய ஊழியக்காரர் வெள்ளை வஸ்திரம் தரிக்கிறவர்கள். நான் உள்ளே மடித்துத் துணி வைத்துக்கொண்டு பிரசங்கித்தேன். அந்த ஏழு மாதமும் நான் பிரசங்க பீடத்தில் ஒரு தடவைகூட சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினதில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். பாஸ்டர் ஜனங்களைப் பார்த்தே பேசுகிறார், என்ன அபிஷேகம் என்று ஒரு தாயார் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

1 சாமுவேல் 5ஆம் அதிகாரத்தில் பெலிஸ்தருக்கு வந்த வாதையை நம்முடைய தமிழ் வேதாகமம் மூலவியாதி என்றே சொல்லுகிறது. அதனால் இந்த இடத்து வியாதியெல்லாம் சாபம் என்று நாமாகவே ஒரு உபதேசத்தை உண்டாக்கிவைத்திருக்கிறோம். வைத்தியர் எனக்குச் சொன்ன காரணம் வேறு. ஆசனவாயின் உட்புறத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அடைத்து, கிருமி பிடித்துச் சீழ் கட்டுகிறது. அந்தச் சீழ் வெளியேற வழிதேடி, சதைக்குள்ளே எலி வளை தோண்டுகிறதுபோல ஒரு பாதையை உண்டாக்கி, வெளித்தோலில் வந்து உடைகிறது. உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய். உள்வாய் திறந்திருக்கிறவரைக்கும் வெளிவாயை எத்தனை களிம்பு போட்டு மூடினாலும் நிற்காது. ராஜாவுக்கும் வரும், போதகருக்கும் வரும். பிரான்சு தேசத்து ராஜா பதினான்காம் லூயிக்கு இதே வியாதி வந்து, 1686 நவம்பர் 18ஆம் தேதி அறுத்தார்கள். மயக்கமருந்து இல்லாத காலம். அந்த வைத்தியர் முதலில் ஏழை நோயாளிகளிடத்தில் அறுத்துப் பழகிக்கொண்டுதான் ராஜாவிடத்தில் வந்தாராம். ராஜாவுக்கே ஒரே அறுப்போடு முடியவில்லை, பிறகும் கத்தி வைத்துத்தான் அடுத்த வருஷம் பிறந்தபோது எழுந்து நடமாடினார்.

எனக்கு 2022 ஜூலையில் அறுவைசிகிச்சை நடந்தது. வளைபோன்ற அந்தப் பாதையை முழுவதும் திறந்துவிட்டார்கள். என் சுண்டுவிரல் நீளத்திற்குக் காயம். தையல் போடவில்லை. "ஏன் டாக்டர் தைக்காம விட்டுட்டீங்க?" என்று நான் பயந்து கேட்டேன். தைத்தால் உள்ளே சீழ் தங்கும், திறந்த காயமாகவே அடியிலிருந்து தூர்ந்து வரவேண்டும், ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகலாம், சிலருக்கு இன்னும் அதிகமாகும், வாரம் ஒருதரம் வந்து காட்டுங்கள் என்றார். வெட்டியெடுத்த சதையில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பரிசோதனைக்கும் அனுப்பினார். நம்முடைய தேசத்தில் அதையும் பார்க்கவேண்டுமாம். கர்த்தருடைய கிருபையால் இல்லை என்று வந்தது. ஆனால் எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பதினெட்டாம் நாள் காலையில் என் மனைவி கட்டுப் போடும்போது, "காயம் மூடிருச்சு போல இருக்கே" என்றாள். கண்ணாடி வைத்து நானும் பார்த்தேன். தோல் சேர்ந்திருந்தது. அல்லேலூயா என்று சத்தமிட்டேன்! எட்டு வாரம் என்று மனுஷன் சொன்னான், பதினெட்டு நாளில் என் தேவன் முடித்தார் என்று அந்த ஞாயிறே சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். மருத்துவரிடம் போகிறதை நிறுத்தினேன். வெந்நீரில் உட்காருகிறதை நிறுத்தினேன். அதோடே விசுவாசத்தினாலே சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டேன் என்று பீடத்தில் நின்று சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

ஐந்து வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. சங்கரன்கோவில் பக்கம் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம், இரண்டாம் இரவு பிரசங்கத்தில் நிற்கமுடியவில்லை. மூடின தோலுக்குக் கீழே முழுவதும் சீழ். அக்டோபரில் திரும்பவும் அறுத்தார்கள். இந்தத் தடவை காயம் முன்னையதைவிடப் பெரிது.

மருத்துவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. "பாஸ்டர், கிணத்துக்கு மேல ஓலையப் போட்டு மூடிட்டு, கிணறு தூர்ந்துருச்சுன்னு சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் வேதாகமத்தைக் கையில் எடுத்தவரே அல்ல. ஆனால் அவர் சொன்னதை எரேமியா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். எரேமியா 6:14ஐ வாசியுங்கள், பிறகு 8:11ஐ வாசியுங்கள். கர்த்தர் ஒரே வார்த்தையை இரண்டு தடவை சொல்லுகிறார். ஜனத்தின் காயத்தை மேலோட்டமாய் ஆற்றிவிட்டு, எல்லாம் சமாதானம் என்று அறிவிக்கிற தீர்க்கதரிசிகள்மேலும் ஆசாரியர்கள்மேலும் அவர் கோபப்படுகிறார். அந்த வசனத்தை மற்ற சபைகளுக்கு விரோதமாய் நான் எத்தனை தடவை பிரசங்கித்திருக்கிறேன்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கும்போதுதான் அது யாரைப்பற்றி எழுதியிருக்கிறது என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு உண்மையான வேதாகமக் கல்லூரி. டிப்ளமோ வாங்கின இடத்தில் கற்றதைவிட அங்கே அதிகம் கற்றேன். தினமும் மூன்று வேளை, மலம் கழித்தபின் கட்டாயமாய், அகலமான பிளாஸ்டிக் டப்பில் இளஞ்சூடான வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிஷம் உட்காரவேண்டும். பிறகு காயத்தின் அடிவரைக்கும் துணி வைக்கவேண்டும், மேலே வைத்தால் போதாது. வாரத்திற்கு ஒருதரம் மருத்துவர் கையுறை போட்ட விரலைக் காயத்திற்குள் விட்டு, இரண்டு பக்கத்துச் சதையும் அவசரப்பட்டு ஒட்டியிருந்தால் பிரித்துவிடுவார். அந்த வேதனையை நான் எழுதப்போவதில்லை. ஆறிவிட்டதுபோல் தெரிகிறதை ஏன் இப்படிக் கிழிக்கிறார் என்று முதல் வாரம் அவர்மேல் எரிச்சல் வந்தது. இரண்டாம் வாரம் அவர் ஒரு சின்ன வெளிச்சத்தை அடித்து என் மனைவிக்குக் காட்டினார். அடியில் மாதுளை முத்துப்போலச் சிவப்பாய்ப் புதுச் சதை முளைத்திருந்தது. "இதுதாம்மா நெஜமான ஆறுதல். இது தானா மேல வரட்டும்" என்றாராம்.

என் மனைவியைப்பற்றி ஒரு வார்த்தை எழுதவேண்டும். நாங்கள் முழங்காற்படியிட்டு ஜெபிக்கிற அதே பாயில் நான் கவிழ்ந்து படுப்பேன், அவள் பின்னால் முழங்காற்படியிட்டுக் கட்டுப் போடுவாள். பாஸ்டரம்மா என்று நீங்கள் மரியாதை செய்கிற அந்த ஸ்திரீ, நூறு நாளைக்கு மேல் இதைச் செய்தாள், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. சீஷர்களுடைய கால்களைக் கர்த்தர் கழுவினபோது பேதுருவுக்கு வந்த கூச்சம் எனக்கு வந்தது. மற்றவர்களுக்கு ஊழியம் செய்கிறது சுலபம், நம்மை ஒருவர் கழுவ விடுகிறதுதான் கஷ்டம்.

படுத்துக்கிடந்த நாட்களில் மாற்கு 8ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பெத்சாயிதாவில் ஒரு குருடன். கர்த்தர் அவன் கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அவன் என்ன சொன்னான்? மனுஷர்கள் தெரிகிறார்கள், ஆனால் மரங்கள் நடக்கிறதுபோல இருக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னான். நம்முடைய கூட்டத்தில் அவன் நின்றிருந்தால் நாம் அவனைச் சும்மா விட்டிருப்போமா? மைக்கைக் கையில் கொடுத்து, "சகோதரனே, விசுவாசத்தோடே சொல்லு, நன்றாய்த் தெரிகிறது என்று அறிக்கையிடு" என்று நெருக்கியிருப்போம். அவனும் அல்லேலூயா சொல்லிவிட்டு, சாகிறவரைக்கும் மனுஷரை மரங்களாகவே பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். அவன் அரைகுறை என்று ஒத்துக்கொண்டதினால்தான் கர்த்தர் இரண்டாந்தரம் கைவைத்தார். பாதிச் சுகத்தைப் பாதிச் சுகம் என்று சொன்னவனை அவர் அவிசுவாசி என்று கடிந்துகொள்ளவில்லை பாருங்கள்.

இன்னொன்று. எசேக்கியா ராஜாவுக்கு, மூன்றாம் நாள் ஆலயத்திற்குப் போவாய் என்று கர்த்தரே நாள் குறித்து வாக்குக்கொடுத்தார். அப்படியிருந்தும் அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைக்கச் சொன்னான் ஏசாயா. வாக்குத்தத்தமும் உண்டு, கட்டும் உண்டு. பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன துணிகளால் எபேசுவில் வியாதிகள் நீங்கினதாக அப்போஸ்தலர் 19 சொல்லுகிறது. அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடே விட்டுவிட்டு வந்ததாக 2 தீமோத்தேயு 4:20ல் எழுதுகிறார். மறைக்கவில்லை. நாமாயிருந்தால் அந்த வரியை மடலில் போட்டிருப்போமா என்று யோசித்துப் பார்த்தேன்.

கானானியரை ஒரே வருஷத்தில் துரத்திவிடமாட்டேன், கொஞ்சங்கொஞ்சமாகத்தான் துரத்துவேன், இல்லாவிட்டால் தேசம் வெறுமையாகி மிருகங்கள் பெருகும் என்று யாத்திராகமம் 23ல் கர்த்தர் இஸ்ரவேலுக்குக் காரணம் சொல்லுகிறார். தாமதத்துக்கே ஒரு காரணம்! நான் இதை மருத்துவரிடத்தில் சொன்னபோது அவர் ஆச்சரியப்பட்டு, தம் பங்குக்கு ஒன்று சொன்னார். மருந்து தோய்த்த நூலைப் பாதைக்குள் கோத்துக் கொஞ்சங்கொஞ்சமாய் அறுக்கிற பழைய வைத்தியம் ஒன்று நம்முடைய தேசத்தில் உண்டு. அதையும் கத்தி வைக்கிறதையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒப்பிட்டுப் பார்த்து 1991ல் முடிவை வெளியிட்டதாம். கத்தி வைத்தவர்களுக்கு ஏறக்குறைய 4 வாரத்தில் ஆறியது, நூல் கட்டினவர்களுக்கு 8 வாரம். ஆனால் வியாதி திரும்பி வந்தது கத்தி வைத்தவர்களில் 100க்கு 11 பேருக்கு, நூல் கட்டினவர்களில் 4 பேருக்குத்தான். நூல் வைத்தியத்துக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, யாருக்கு எது ஏற்றது என்று பரிசோதித்து வைத்தியர்தான் சொல்லவேண்டும். சீக்கிரம் என்கிறதற்கு நான் கொடுத்துவந்த மதிப்பை அன்றைக்குக் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

என் காயம் 2023 பிப்ரவரியில் முழுவதும் ஆறியது. இரண்டாம் அறுப்பிலிருந்து எண்ணினால் பதினேழு வாரம். தேவனுக்கே மகிமை.

இங்கே முடித்துவிட்டால் இதுவும் ஒரு நல்ல சாட்சியாய் இருக்கும். முடிக்க எனக்கு உரிமையில்லை.

நம்முடைய சபையில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிற ஒரு சகோதரன். அவருடைய அனுமதியோடே எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார். அவருக்கும் சர்க்கரை. செருப்பு வார் உரசிக் காலில் ஒரு புண், அரசு ஆஸ்பத்திரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். 2022 ஆகஸ்ட் மாதம் நான் மாத்திரையை நிறுத்தினேன் என்று பீடத்தில் சொன்ன அந்த ஞாயிறு அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து அவரும் மாத்திரையை நிறுத்தினார், கட்டுப் போடப் போகவில்லை. பாஸ்டருக்குச் செய்த தேவன் எனக்கும் செய்வார் என்ற விசுவாசம். டிசம்பரில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நான் அப்போது கட்டோடு படுத்திருந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. ஜெபம்மட்டும் சொல்லி அனுப்பினேன். என்னால்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது, இத்தனை நாள் அவரிடத்தில் சொல்லவில்லை.

போன மாதம் அவர் வீட்டு ஜெபத்திற்குப் போயிருந்தேன். வசனம் வாசிக்க அவர் வேதாகமத்தைத் திறந்தபோது மடித்த காகிதம் ஒன்று கீழே விழுந்தது. எடுத்துக்கொடுத்தேன். 2022 செப்டம்பர் மடல். "நீங்க குடுத்த சாட்சி பாஸ்டர். மனசு தளர்ந்தா எடுத்து வாசிப்பேன்" என்றார். அவர் முகத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அன்று ஜெபம் வரவில்லை, அவருடைய மனைவிதான் ஜெபித்து முடித்தார்கள். மறுநாள் தனியே போய், அவரிடத்திலும் அந்த அம்மாளிடத்திலும் நடந்தது எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இத எல்லாருக்கும் எழுதிருங்க பாஸ்டர்" என்றார். அந்த அம்மாள் இன்னும் என்னோடு சரியாய்ப் பேசவில்லை. அது நியாயம்.

பிரியமானவர்களே, இயேசு இன்றைக்கும் சுகமாக்குகிறார் என்று நான் விசுவாசிக்கிறேன். என் தாயாருக்கு அவர் செய்ததை என் கண்ணால் கண்டேன், அதை மறுதலிக்கமாட்டேன். ஏசாயா 53:5ஐ இனிமேலும் பிரசங்கிப்பேன். ஆனால் இந்தப் பீடத்திலிருந்து மாத்திரையை நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை இனி வராது. சுகம் கிடைத்ததாகச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் வைத்தியரிடத்தில் காட்டிவிட்டு வாருங்கள். குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கின கர்த்தரும் ஆசாரியனிடத்தில் போய்க் காட்டு என்றுதான் அனுப்பினார். அபிஷேக எண்ணெயை நெற்றியில் பூசுங்கள், யாக்கோபு 5ன்படி மூப்பரைக் கூப்பிடுங்கள், ஆனால் திறந்த காயத்துக்குள் எண்ணெயோ மஞ்சளோ விபரம் தெரியாத பவுடரோ போடாதிருங்கள். நல்ல சமாரியன் எண்ணெய் வார்த்தானே என்று ஒரு சகோதரி கேட்டார்கள். அவன் வழியில் கையில் இருந்ததைக்கொண்டு செய்தான், பிறகு சத்திரத்துக்குக் கொண்டுபோய் இரண்டு பணம் கட்டி, அதற்குமேல் செலவானாலும் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். காயம் ஆற நாள் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இந்த அறுவைசிகிச்சை செய்துகொண்டு காயம் ஆறவில்லையே என்று கலங்குகிறவர்கள் நம்மிடத்திலும் இருக்கலாம். இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகிறதினால் உங்கள் விசுவாசத்தில் குறை என்று எண்ணவேண்டாம். திறந்துவிட்ட காயத்தின் தன்மை அது. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், பீடி சிகரெட் இருந்தால் இதற்காகவாவது விடுங்கள், முட்டை, பருப்பு, கீரை, தண்ணீர் தாராளமாய் எடுங்கள், மலம் இறுகவிடாதிருங்கள். மூன்று மாதத்துக்கு மேலும் ஒழுகினால் உள்ளே இன்னொரு பாதை நின்றுவிட்டதா, காசநோயா, குடல் சம்பந்தமான வேறு வியாதியா என்று திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சலோ புது வீக்கமோ வந்தால் அன்றைக்கே போங்கள், ஞாயிறு ஆராதனை முடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

ஒருவருக்கும் சொல்லாமல் மறைவாய்த் துணி வைத்துக்கொண்டு ஆராதனைக்கு வருகிறவர்கள் இருந்தால், சகோதரர்கள் என்னிடத்திலும் சகோதரிகள் என் மனைவியிடத்திலும் சொல்லலாம். ஜெபக்குறிப்பில் எழுதவேண்டாம், பெயரும் வெளியே போகாது. வியாழக்கிழமை காலையில் எனக்கு வேலை கிடையாது, ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன்.